மட்டமான பிளாங்க் டிஸ்க்கில் எழுதிய கேம்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டப்பா டப்பாவாக விற்ற காலி சிடிகளில் பிளேஸ்டேஷன் கேம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். லோகோ வரும், முதல் லெவல்கள் ஒழுங்காகப் போகும், அப்புறம் நடுவில் ஒரு வீடியோ காட்சி வரும்போது மட்டும் படமும் சத்தமும் விக்கி விக்கி நிற்கும். லெவல் ஏறும்போது ஓர் இடம் சரியாகப் படிக்கவில்லை என்றால் டிரைவ் திரும்பப் போய்ப் படித்துக்கொள்ளும், நமக்கு லோடிங் நீளுவது மட்டும்தான் தெரியும். வீடியோ நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த மெஷின் படிக்கிற வேகமே 2எக்ஸ் (பாட்டு சிடி ஓடுகிற வேகத்தைப் போல் இரண்டு மடங்கு), அதாவது நொடிக்கு 300 கேபி. இதில் திரும்பப் படிக்க நேரம் எங்கே இருக்கிறது?

சிடியில் உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும். மட்டமான சரக்கில், லேசர் எழுதுகிற சாயப்பூச்சு சமமாக இருக்காது, ஓரத்துக்குப் போகப் போகப் பிழை கூடும். அதனால் 600 எம்பிக்கு மேல் போகிற கேம்தான் முதலில் மாட்டும், சின்ன கேம் அதே டப்பா டிஸ்க்கில் ஜோராக ஓடும். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் "அந்த கேம் நல்லாத்தானே ஓடுது" என்பார், அவர் சொல்வதும் பொய்யில்லை.

அட்டையில் இருக்கிற பிராண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயர், ஒரே அட்டை, அடுத்த முறை வாங்கினால் உள்ளே வேறு தொழிற்சாலை சரக்கு. டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும் தயாரிப்பாளர் விவரத்தை ரைட்டர் மென்பொருளில் பார்க்கலாம். ஜப்பானின் தையோ யூடன் என்று வந்தால் நிம்மதி. ஆனால் அவர்கள் 2015இல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள், அந்த விவரத்தைப் போலியாகப் போட்டவர்களும் உண்டு.

ஏற்காட்டிலிருந்து:
அண்ணா, பழியை எல்லாம் டிஸ்க் மேலேயே போடாதீர்கள். இங்கே மழைக்காலத்தில் டிவி அலமாரிக்குள்ளேயே ஈரம் ஏறிவிடும். எங்கள் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) லென்ஸில் மங்கல் படிந்து காப்பி டிஸ்க் ஒன்றுகூட எடுக்கவில்லை, ஒரிஜினல் மட்டும் தட்டுத்தடுமாறி எடுத்தது. ஒரிஜினலில் பள்ளங்களை அச்சிலேயே வார்த்திருப்பார்கள், எழுதிய டிஸ்க்கில் வெறும் சாயம்தான், ஒளி திரும்பி வருவதும் குறைவு. லென்ஸ் கொஞ்சம் சோர்ந்தால் முதலில் விழுவது காப்பிதான். சேலத்தில் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு, தூக்கிப் போடலாம் என்று வைத்திருந்த பல டிஸ்க் ஓடியது.

இன்னொன்று, பிஎஸ்2-வில் சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு வேறு லேசர். டிவிடி கேம் எல்லாம் ஓடி, அடிப்பக்கம் நீலமாக இருக்கிற ஒரிஜினல் சிடி கேமும் தகராறு செய்தால் பிளாங்க் டிஸ்க்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
தம்பி சொல்வது சரிதான், ஆனால் என் மெஷினில் அதே லென்ஸில் நல்ல டிஸ்க் ஓடுகிறது, மட்டமானது நிற்கிறது. லென்ஸ் பழசாகத்தான் ஆகும், அதனால்தான் நல்ல டிஸ்க் வாங்கச் சொல்கிறேன்.

குகையிலிருந்து:
வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "1எக்ஸ்ல எழுது" என்று ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. அது அந்தக் காலத்து டிஸ்க்குக்குச் சரி. பின்னால் வந்த 52எக்ஸ் சிடிகளின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்தது, ரொம்ப மெதுவாக எழுதினால் பிழை கூடுவதும் உண்டு. சிடிக்கு 16எக்ஸ் பக்கம், டிவிடிக்கு 4 அல்லது 8, எனக்கு ஒத்துவந்தது இதுதான். 2012இல் கரண்ட் கட் சமயத்தில் பாதி எழுதும்போதே போன டிஸ்க்குகள் தனிக்கணக்கு, அதற்கு எந்த பிராண்டும் பொறுப்பாகாது.

சரி, ஐந்து ரோடு பக்கம் இப்போதும் யாராவது நல்ல டிவிடி-ஆர் விற்கிறார்களா? டப்பா பிரிக்காததாக இருந்தால் நல்லது.