கோயிலில் நடந்த திருமணம், பதிவு இல்லை: விபத்து இழப்பீடு கோர முடியுமா?

கேள்வி (டோங்காட், தென்னாப்பிரிக்கா):
கடந்த ஆண்டு ஜூன் மாதம் ஆர் 102 சாலையில் நடந்த விபத்தில் என் அக்காவின் கணவர் இறந்துவிட்டார். அவர் தம் பக்கியை (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) வலப்பக்கம் திருப்பியபோது எதிரே வந்த லாரி மோதியது. திருப்பியவர் மீதே தவறு என்று போலீஸ் குறிப்பு சொல்வதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள் உறவினர்கள். 2008-இல் கோயிலில் தாலி கட்டி நடந்த அவர்கள் திருமணம் அரசுப் பதிவேட்டில் ஏறவில்லை. 14, 9 வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்திருப்பதால் அதையும் கழிப்பார்களா? லாரி உரிமையாளர் மேல் நேராக வழக்குப் போடலாமா?

பதில் (டர்பன், வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன்):
தம்பி, 2008 ஆகஸ்ட் 1-க்குப் பின் நடந்த விபத்துகளில், பொதுவாக, உரிமையாளர் மேல் வழக்குப் போட இடமில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாம் லிட்டர் கணக்கில் கட்டும் வரியால் நடக்கும் சாலை விபத்து நிதியத்திடமே கோர வேண்டும்.

உறவினர்கள் சொல்வது பாதிதான் சரி. கோருவது இறந்தவரின் இழப்பை அல்ல, அவர் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவர்களின் இழப்பை. ஆகவே அவர் பக்கம் எவ்வளவு தவறு இருந்தாலும், லாரி ஓட்டுநரிடம் நூற்றில் ஒரு பங்கு கவனக்குறைவை நிரூபித்துவிட்டால், அக்காவின் தொகையும் பிள்ளைகளின் தொகையும் குறையாது. அந்த ஒரு பங்கும் இல்லையென்றால் வழக்கே இல்லை. ஆகையால் போலீஸ் கோப்பிலுள்ள வரைபடம், பிரேக் தடம், சாட்சி வாக்குமூலம் ஆகியவற்றின் நகல்களை முதலில் வாங்குங்கள்.

திருமணப் பதிவு இல்லாதது தடையாகாது. சமயச் சடங்குப்படி மட்டும் மணந்த ஒரு முஸ்லிம் விதவை இவ்வாறு கோரலாம் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. இந்துச் சடங்குக்கும் அதே நியாயம் பொருந்தும். குருக்களின் சத்தியப் பிரமாணம், கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் போதுமானவை. பிள்ளைகளின் உரிமையோ பெற்றோர் திருமணத்தைச் சார்ந்ததே அல்ல.

காப்பீட்டுப் பணத்தையும் ஓய்வூதியத்தையும் கழிக்கக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அக்காவின் மனுவுக்குக் கெடு 3 ஆண்டுகள் (மோதியவர் யாரென்று தெரியாத விபத்தானால் 2). மனு கொடுத்து 120 நாள் கழியாமல் நீதிமன்றம் போக முடியாது.

பதில் (சாட்ஸ்வர்த்):
என் அப்பா இறந்தபோது பதினாறாம் நாள் காரியச் சாப்பாட்டு ரசீது வரை சேர்த்துக் கொடுத்தோம். தகனத்துக்கான நேரடிச் செலவு மட்டுமே ஏற்கப்பட்டது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, இழவு வீட்டுக்கே படிவத்தோடு வந்து கையெழுத்து கேட்பவர்களை நம்பாதீர்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் 25 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அத்தான் சொந்தமாகக் குழாய் வேலை செய்தவர். சம்பளச் சீட்டு கிடையாது. தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள்?

பதில் (டர்பன்):
குடும்ப வருமானத்தைப் பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று ஆக்சுவரி (இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் வல்லுநர்) பிரிப்பார். உங்கள் வீட்டில் மொத்தம் 6 பங்கு. அத்தானின் 2 போக, அக்காவுக்கு 2, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. அக்காவுக்குச் சொந்த வருமானம் இருந்தால் அவர் பங்கு குறையும். மறுமணம் செய்யக்கூடும் என்பதற்காகவும் சிறிது கழிப்பார்கள், கேட்கவே கசப்பாக இருக்கும். துக்கத்துக்கென்று தனித் தொகை கிடையாது. வங்கிக் கணக்கு விவரம், வரிக் கணக்கு, வேலை கொடுத்தவர்களின் கடிதம் ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
யார் வீட்டில் என்ன வேலை, எவ்வளவு கூலி என்று அத்தான் எழுதிவைத்த குறிப்பேடுகள் மூன்று அக்காவிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம்.