ஆங்கிலிக்கன் திருச்சபையின் அடிப்படை எது?

கேள்வி:
எட்டாம் ஹென்றியின் மணவிலக்குச் சிக்கலிலிருந்து பிறந்ததே ஆங்கிலிக்கன் திருச்சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபை என்று பள்ளியில் படித்தோம். ஓர் அரசரின் குடும்ப விவகாரத்தைத் தாண்டி, அச்சபைக்கெனத் தெளிவான விசுவாசக் கொள்கை உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
1534-ஆம் ஆண்டுச் சட்டம் போப்பின் அதிகாரத்தை விலக்கி அரசரைத் தலைவராக்கியதே தவிர, வழிபாட்டை மாற்றவில்லை. ஹென்றி இறக்கும்வரை பூசை இலத்தீனிலேயே நடந்தது. உண்மையான திருப்பம், தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மரின் முயற்சியால் 1549-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பொது ஜெப புத்தகம்தான். ஒரு சபையின் நம்பிக்கையை அதன் ஜெபத்தில் தேட வேண்டும் என்னும் ஆங்கிலிக்கன் மனப்பாங்கு அதில்தான் வேர்கொண்டது என்பேன்.

மறுமொழி 2:
முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் சபையின் கொள்கைகளை வகுத்த 39 விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரட்சிப்புக்குத் தேவையான யாவும் வேதாகமத்தில் அடங்கியுள்ளன என்பது ஆறாம் விதி. பின்னர் 1888-இல் கூடிய லாம்பெத் மாநாடு (ஆங்கிலிக்கன் பேராயர்களின் கூட்டம்), வேதாகமம், அப்போஸ்தலர் மற்றும் நிசேயா விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்றுவழி வந்த பேராயர் (பிஷப்) பணி ஆகிய நான்கையும் சபை ஐக்கியத்துக்கு அடிப்படையாக ஏற்றது.

மறுமொழி 3:
அந்த நான்காவதுதான் சிக்கல். 1947-இல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் இல்லாத மரபுகளில் வந்தவர்களும் அதை ஏற்றனர். ஆயினும் அவர்களுடைய குருமாரை மறு அபிஷேகமின்றிச் சேர்த்துக்கொண்டது இங்கிலாந்தில் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை.