கீழ்த்தாடை பிளாக் ஊசி: ஓபிஜியைப் பார்த்து இடத்தைக் கணிக்கலாமா?

கேள்வி – புதுக்கிளினிக்:
மூத்தவர்களுக்கு வணக்கம். தனியாகக் கிளினிக் தொடங்கி ஓராண்டு ஆகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பிளாக் (கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடும்போது ஐந்தாறு பேரில் ஒருவருக்குச் சரியாக மரத்துப்போவதில்லை. சென்ற வாரம் ஞானப்பல் எடுக்க வந்த, தாடை சற்று முன்துருத்திய ஒருவருக்கு இருமுறை போட்டும் உதடு மரக்கவில்லை. பிறகு அவருடைய ஓபிஜியைப் (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) பார்த்தபோது, நரம்பு எலும்புக்குள் நுழையும் துளை நான் எண்ணியதைவிட உயரத்தில் தெரிந்தது. படத்தில் அளந்து, ஊசியின் உயரத்தையும் ஆழத்தையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாமா? இதற்கென்றே சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுக்கச் சொல்வது முறையா?

பதில் – வாய்முக அறுவை:
ஓபிஜியில் மில்லிமீட்டர் கணக்குப் போடாதீர்கள். அந்தப் படம் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு வரை பெரிதாகவே விழும். முகவாயைத் தூக்கியோ தாழ்த்தியோ நின்றிருந்தால் கடிதளத்தின் (மேல், கீழ்ப் பற்கள் சந்திக்கும் தளம்) சாய்வும் மாறிவிடும். துளை கடிதளத்துக்கு நன்றாக மேலே இருக்கிறதா, ரேமஸ் (கீழ்த்தாடையின் பின்பகுதியில் மேலெழும் எலும்பு) அகலமானதா குறுகலானதா என்ற அளவுக்குத்தான் அதை நம்பலாம். ஊசி போகும் திசையை முடிவுசெய்வதோ ரேமஸ் பின்னோக்கிப் போகப் போக எவ்வளவு வெளிப்புறம் விரிகிறது என்பது. அது ஓபிஜியில் தெரியவே தெரியாது. எலும்பு மிக விரைவில் தட்டினால் முனை முன்புறம் இருக்கிறது என்று பொருள். சற்றுப் பின்னிழுத்துச் சிரிஞ்சை முன்பற்கள் பக்கம் நகர்த்துங்கள். எலும்பே தட்டாவிட்டால் எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பற்கள் பக்கம் நகர்த்துங்கள். எலும்பைத் தொடாமலும் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பாராமலும் மருந்தைச் செலுத்தக் கூடாது.

இன்னொன்று: 'ஊசியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை உள்ளே போக வேண்டும்' என்று பாடநூல்கள் சொல்வது ஏறத்தாழ 32 மி.மீ. நீளமுள்ள பல் ஊசியை மனத்தில் வைத்து. நம்மில் பலர் டிஸ்போசபிள் சிரிஞ்சில் மாட்டும் ஒன்றரை அங்குல ஊசி 38 மி.மீ. நீளமுடையது. 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்ட வேண்டும் என்று நினைவில் வைப்பதே மேல்.

பதில் – குழந்தைப்பல்:
குழந்தைகளுக்கு இந்தத் துளை கடிதளத்துக்கு நேராகவோ கீழாகவோ இருந்து, தாடை வளர வளர மேலே ஏறுகிறது. ஆகவே ஏழு வயதில் எடுத்த படத்தை வைத்துப் பன்னிரண்டு வயதில் ஊசியின் உயரத்தைத் தீர்மானிக்க இயலாது.

பதில் – வேர்சிகிச்சை:
உதடே மரக்கவில்லை என்றால் ஊசி இடம் தவறியிருக்கிறது; அங்கே படம் உதவலாம். உதடு நன்றாக மரத்தும் பல் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் அழற்சி கண்ட பல்கூழே (பல்லின் உள்ளே நரம்புள்ள மென்திசு) காரணம். வாயின் அடித்தளத் தசைக்குச் செல்லும் மைலோஹயாய்டு நரம்பின் கிளையோ இரட்டைக் கால்வாயோ (நரம்பு செல்லும் எலும்புக் கால்வாய் இரண்டாகப் பிரிந்திருப்பது) சிலரிடம் காரணமாகலாம். இரட்டைக் கால்வாய்கள் ஓபிஜியைவிடச் சிபிசிடியில் கூடுதலாகவே கண்ணில் படுகின்றன. ஆயினும் சிபிசிடி காட்டுவது எலும்பையும் கால்வாயையும்தான், நரம்பையன்று. வேறு காரணத்துக்காக எடுத்த படம் கையில் இருந்தால் ரேமஸின் குறுக்குவெட்டுகளைத் தவறாமல் பாருங்கள். ஊசிக்காக மட்டும் ஒருவரைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். துளை உயரத்தில் இருப்பதாக ஐயம் வந்தால், 1973-இல் வெளியான கவ்-கேட்ஸ் முறையையோ, வாய் திறக்க முடியாதவருக்கு 1977-இல் அக்கினோசி விவரித்த முறையையோ கையாளலாம். இரண்டிலும் மருந்து துளைக்கு மேலேயே இறங்குகிறது. அழற்சிப் பல்லுக்குக் கன்னப்பக்கத்தில் ஆர்ட்டிகேய்ன் என்ற மரப்பு மருந்தைக் கூடுதலாகப் போடுவது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மறுமொழி – புதுக்கிளினிக்:
மிக்க நன்றி. அந்த ஓபிஜியை மீண்டும் பார்த்தேன். இடது ரேமஸும் வலது ரேமஸும் அகலத்தில் வெகுவாக வேறுபடுகின்றன. தலை திரும்பிய நிலையில் எடுத்த படமாகவே தோன்றுகிறது. அதை நம்பி அளவுகோல் பிடித்தது என் பிழைதான். அடுத்த வாரம் அவர் வரும்போது முதலில் கவ்-கேட்ஸ் முறையில் போட்டுப் பார்க்கிறேன்.