களிம்பு பூசினால் அடங்கி, நிறுத்தினால் திரும்பும் படர்தாமரை

கேள்வி:
வணக்கம். ஐந்து மாதங்களாகத் தொடை இடுக்கில் படர்தாமரை இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் மூன்றே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் முன்பைவிட அகலமாகத் திரும்புகிறது. முதலில் ஓரம் சிவந்து வட்டமாகத் தெரிந்தது, இப்போது வட்டமே கலைந்து மங்கலாகப் பரவியிருக்கிறது. தோல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா, வேறு களிம்புக்கு மாறினால் போதுமா?

பதில் 1:
களிம்புக் குழாயில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. படர்தாமரை பூஞ்சையால் வருவது; அந்தப் பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் அழற்சிதான் சிவப்பாகவும் அரிப்பாகவும் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறதே தவிரப் பூஞ்சையைக் கொல்வதில்லை. எனவே வெளியே ஆறியதுபோல் தோன்றும்போதே அது தடையின்றிப் பரவுகிறது. வட்டம் கலைந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தொடை இடுக்கில் தோல் மெல்லியது என்பதால் நாள்பட்ட பூச்சில் அது மேலும் மெலிந்து வரித்தழும்பு விழக்கூடும். அந்தத் தழும்பு முழுமையாக மறைவதில்லை.

பதில் 2:
இதே தவற்றை நானும் செய்தேன். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பிளேடின் மழுங்கிய பக்கத்தால் ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் காட்டினார். கிளை பிரிந்த மெல்லிய இழைகள் தெரிந்தன, அவைதான் பூஞ்சை. வட்டத் தடிப்பு எல்லாமே படர்தாமரை அல்ல, எக்சிமாவும் சொரியாசிஸும்கூட அப்படித் தோன்றலாம் என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு இருக்கிறது என்பதுதான். என் கணவருக்கும் இருந்தது. துண்டு ஒன்றையே இருவரும் பயன்படுத்தி வந்தோம்!

கேள்வி கேட்டவர்:
குளோபெட்டசால் என்றுதான் போட்டிருக்கிறது. இன்றே நிறுத்திவிடலாமா?

பதில் 1:
நிறுத்திவிடுங்கள். ஆனால் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடக்கூடும். பயந்து மீண்டும் அதையே பூசாமல், அதற்குள் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். இடையில் வேறு பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு எதையும் பூச வேண்டாம், பூசினால் செதிலில் பூஞ்சை அகப்படாமல் போகலாம்.