நிறமாலையியல், அவசர மருத்துவம் இரண்டிலும் ஒரே ஆள்: மேற்கோள்களைக் கூட்டலாமா?

வெண்பட்டகம்:
ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல் மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்திருக்கிறது. பாதி அகச்சிவப்பு நிறமாலையியல் (பொருள்கள் அந்த ஒளியை எப்படி உறிஞ்சுகின்றன என்று ஆராயும் துறை), மீதி அவசர மருத்துவம். மொத்த மேற்கோள் எண்ணிக்கை, அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் இவருடையவற்றைச் சுட்டிய தடவைகள், மிக உயர்வு. ஆனால் அதில் பெரும்பங்கு, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய இரண்டு ஆய்வுகளுக்கு வந்தது. அவற்றில் இவர் பெயர் நீண்ட வரிசையின் நடுவில் எங்கோ இருக்கிறது. இவர் முதல் பெயராக இருக்கும் நிறமாலைக் கட்டுரைகளுக்கு மேற்கோள் குறைவு.

இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. மேற்கோள்களை வைத்து ஓர் ஆய்வாளரை ஒரே எண்ணால் அளக்கும் எச்-குறியீட்டைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹிர்ஷ் தன் 2005 கட்டுரையிலேயே, உயிரியல் துறைகளில் இந்த எண் இயற்பியலைவிட உயர்ந்து நிற்கும் என்று எழுதியிருக்கிறார். அளவுகோலைச் செய்தவரே அப்படிச் சொன்ன பிறகு நாம் எதற்குக் கூட்ட வேண்டும்?

இரவுப்பணி:
கடுமையாக மறுக்கிறேன் சார். நீங்கள் பிரித்தால் அவர் அங்கேயும் சாதாரணம், இங்கேயும் சாதாரணம் என்று ஆகிவிடும். அவருடைய பலமே இரண்டும் ஒருவரிடம் இருப்பதுதான்.

நான் அவசரப் பிரிவில் இருக்கிறேன், அங்கிருந்து ஒன்று சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 660, 940 நானோமீட்டர் அளவில் இரண்டு ஒளிகளை அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. அது நிறமாலையியல்தானே? தீப்புகையில் சிக்கியவரைக் கொண்டுவருவார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை, ஆக்சிஜன் ஏறியதிலிருந்து அந்த இரண்டு ஒளிகளால் பிரித்தறிய முடியாது. திரையில் 98 சதவீதம் காட்டும், உடலில் போதிய ஆக்சிஜன் இருக்காது. காரணம் தெரியாதவர் அந்த எண்ணை நம்பி ஏமாறுவார். இரண்டு பக்கமும் தெரிந்தவர் எங்களுக்கு எவ்வளவு தேவை என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்பட்டகம்:
டாக்டர், அவர் தேவை என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்தத் தேவையை மேற்கோள் எண் காட்டுமா என்றுதான் கேட்கிறேன். உங்கள் ஆக்சிமீட்டரையே எடுங்கள். தகுவோ அயோயாகி அந்தக் கொள்கையை 1974இல் ஜப்பானிய மொழியில் ஒரு மாநாட்டில் சொன்னார். அவர் வேலை பார்த்தது நிஹோன் கோடன் என்ற கருவி நிறுவனத்தில். வெளிநாட்டில் வெகுகாலம் அவர் பெயரே பலருக்குத் தெரியாது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் செவரிங்ஹாஸ் 1987இல் அந்த வரலாற்றை எழுதிய பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. 1980இல் நாம் மேற்கோள் எண்ணிப் பார்த்திருந்தால் அயோயாகியை ஒதுக்கியிருப்போம்.

நூலகத்திலிருந்து:
குறுக்கே வருகிறேன். முதலில் அந்தப் பட்டியல் ஒரே ஆளுடையதுதானா? இப்படித் தொடர்பில்லாத இரண்டு துறைகள் ஒரு பக்கத்தில் வந்தால், ஒரே பெயருள்ள இருவரைக் கணினி சேர்த்துவிட்டதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். 2012 முதல் ஒவ்வொரு ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் இருக்கிறது. அதை வைத்துச் சரிபாருங்கள்.

அப்புறம், மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில் அதே ஆண்டில் வந்தவற்றோடு ஒப்பிட்டு, மேற்கோளில் முதல் பத்து சதவீதத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

வெண்பட்டகம்:
ஆர்க்கிட் பார்த்தேன், ஒரே ஆள்தான். ஒப்பீட்டு முறை எனக்குச் சம்மதம்.

இரவுப்பணி:
எனக்குச் சம்மதமில்லை. "அதே துறை" என்று யார் முடிவு செய்வது? பெரும்பாலும் இதழை வைத்துத்தான் துறை பிரிக்கிறார்கள். யோப்சிஸ் என்ற ஆய்வாளர் 1977இல் அகச்சிவப்பு ஒளியை மண்டையோட்டின் வழியே செலுத்தி மூளையின் ஆக்சிஜன் நிலையைக் கவனிக்கலாம் என்று காட்டினார். வெளியானது சயன்ஸ் இதழில். அது இயற்பியலா, உடலியலா, மருத்துவமா? எந்தப் பெட்டியில் போடுகிறீர்களோ அதற்கேற்ப அதன் மதிப்பு மாறும். இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்பவர்களை இந்த முறைதான் அதிகம் பாதிக்கிறது.

இன்னொன்று. 2020இல் ஒரு மருத்துவ இதழில் சிறு கடிதமாக ஓர் ஆய்வு வந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். தோல் நிறமி ஒளியை உறிஞ்சுவது உங்கள் துறைச் சங்கதி. தவறு தெரிய வந்தது எங்கள் படுக்கைகளின் பக்கத்தில். அந்தக் கடிதம் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டது, அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. மேற்கோள் எப்போதும் பொய் சொல்வதில்லை சார்.

வெண்பட்டகம்:
துறைப் பெட்டி பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் கூட்டலை இன்னும் ஏற்க மாட்டேன். நீங்கள் சொன்ன கடிதத்தைப் படித்தால் யார் என்ன செய்தார் என்று கேட்கலாம், மொத்த எண்ணிடம் அதைக் கேட்க முடியாது.

இரவுப்பணி:
அப்படியென்றால் அவரிடமே கேளுங்கள். அந்தப் பெரிய ஆய்வுகளில் கருவியை அளவுதிருத்தம் செய்தது அவராக இருக்கலாம், வெறுமனே நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

வெண்பட்டகம்:
கேட்கிறேன். அவரே தேர்ந்த ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று நான்கு வரி. மொத்த எண்ணை என் அறிக்கையில் எழுதப் போவதில்லை.

இரவுப்பணி:
அந்த ஐந்தையும் படிக்க ஒரு நிறமாலை ஆளும் ஒரு மருத்துவரும் சேர்ந்து உட்காருங்கள். தனித்தனியாக மதிப்பெண் போட்டால் மறுபடி பழைய கதைதான்.