சின்ன ஏரியும் நான்கு கூலரும்: ஜூலைப் பயணத்துக்கான குடும்பக் குழு

சின்ன மாமா: எல்லோருக்கும் வணக்கம். ஜூலை முதல் வாரத்துக்கு ஒன்ராறியோவில் சட்பெரி நகருக்கு வடக்கே அந்தச் சின்ன ஏரியில் கொட்டேஜ் உறுதியாகிவிட்டது. பத்துப் பேர், இரண்டு படகு. மீன் வைக்க நான்கு கூலர் (ஐஸ் பெட்டி) கொண்டுவருகிறேன். இந்த முறை வாலாய் (walleye) மீன் நிரப்பிக்கொண்டுதான் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறோம்.

மாமி: நான்கு கூலரா? வான் வண்டியில் ஆட்கள் இருக்க இடம் வேண்டாமா?

அண்ணா: மாமா, என் வேலையிடத்து நண்பர் ஒருவர் போன கோடையில் அங்கே போனவர். தூண்டில் போட்டவுடன் பேர்ச் மீன் கடிக்குமாம், எல்லாம் விரல் நீளம். இரண்டு நாள் இருந்தும் வாலாய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

சின்ன மாமா: அவருக்கு இடம் தெரியாது. முந்தி நாங்கள் போன காலத்தில் ஒரு பின்னேரத்துக்குள் வாளி நிறைந்துவிடும்.

நான்: மாமா, அந்த விரல் நீளப் பேர்ச்தான் எனக்குக் கவலை. வாலாய்க்கும் பைக் மீனுக்கும் முக்கியத் தீனி பேர்ச்தான். தின்கிற மீன் போதுமான அளவு இருந்தால் பேர்ச் அளவோடு இருக்கும், மிஞ்சியவை நன்றாக வளரும். பெரிய மீன்களை எடுத்துவிட்டால் பேர்ச் பெருகி, இருக்கிற கொஞ்சத் தீனியை எல்லாமாகப் பங்குபோட்டு, வளராமல் அப்படியே நின்றுவிடும். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கு போட்டாலும் குட்டிப் பேர்ச் என்றால் அந்த ஏரியில் வாலாய் மெலிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சின்ன மாமா: ஏரி முழுக்கத் தண்ணீர் இருக்கிறது, மீன் எங்கே போகும்?

நான்: ஏரியின் அளவைப் பார்த்தேன் மாமா. சுமார் 60 ஹெக்டேர். அடியில் முழுக்கக் கருங்கல் பாறை, ஊட்டச்சத்துக் குறைந்த தெளிந்த தண்ணீர், வருடத்தில் ஐந்து மாதத்துக்குக் கிட்ட பனிக்கட்டி மூடியிருக்கும். இப்படிப்பட்ட ஏரி ஒரு ஹெக்டேருக்கு வருடத்தில் மோட்டாக ஒரு கிலோ வாலாய்தான் தாங்கும். அதற்கு மேல் எடுத்தால் மூலதனத்தில் கை வைக்கிறோம்.

அப்படியென்றால் முழு ஏரிக்கும் ஒரு வருடத்துக்கு 60 கிலோ. நாங்கள் பத்துப் பேர் ஆளுக்கு 4 எடுத்தால் 40 மீன். ஒன்று 700 கிராம் என்றாலும் 28 கிலோ. ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் அந்த ஏரியின் வருட வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொண்டு வருகிறது. மே மூன்றாம் சனிக்கிழமை வாலாய்க் காலம் திறந்ததில் இருந்து வந்துபோன மற்றவர்கள் எடுத்ததை நான் இதில் சேர்க்கவே இல்லை. குளிர்காலத்தில் பனியில் துளை போட்டுப் பிடிப்பவர்களையும் சேர்க்கவில்லை.

அண்ணா: இப்படிக் கணக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

சின்ன மாமா: ஆளுக்கு 4 என்று சட்டமே விட்டிருக்கிறதே?

நான்: அந்த எண்ணிக்கை பெரிய மண்டலத்துக்குப் பொதுவானது மாமா. ஒன்ராறியோவில் இரண்டரை லட்சம் ஏரிக்கு மேல் இருக்கிறது, மீன்பிடி மண்டலம் இருபதுதான். ஒரு சில ஏரிக்குத் தனி விதி உண்டு, மற்றவற்றுக்கு மண்டலத்தின் பொது விதிதான். 60 ஹெக்டேர் ஏரிக்கும் கடல் மாதிரி விரிந்த ஏரிக்கும் ஒரே 4. சின்ன ஏரியில் அளவை நாங்களேதான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மாமி: அரசாங்கம் குஞ்சு விடுவதில்லையா? விட்டால் திரும்ப நிரம்பிவிடாதா?

நான்: விடுகிறார்கள் மாமி, ஆனால் பெரும்பாலும் ட்ரவுட் இனங்களைத்தான். வாலாய் தானாகப் பெருகும் ஏரியில் குஞ்சு கொண்டுபோய் விட்டால் பெரிய பயன் இருப்பதில்லை. பேர்ச் கூட்டமாக இருக்கிற இடத்தில் அந்தக் குஞ்சு பேர்ச்சுக்கே இரையாகிவிடும். தாய் மீன் இருந்தால்தான் ஏரி மீளும்.

வாலாய் வசந்தத்தில் ஐஸ் உடைந்த கையோடு கூழாங்கல் கரையிலும் ஓடை வாயிலும் முட்டையைச் சொரிந்துவிட்டுப் போய்விடும், காவல் இருக்காது. அதில் தப்புவது மிகக் கொஞ்சம். ஒரு பெரிய பெண் மீன் ஒரு லட்சத்துக்கு மேல் முட்டை இடும் என்பதால்தான் இனம் ஓடுகிறது. வடக்கின் குளிரில் ஒரு வாலாய் 40 சென்டிமீட்டர் வளரப் பல ஏரிகளில் ஐந்து வருடத்துக்கு மேல் எடுக்கும். நாங்கள் படம் எடுத்து மகிழ்கிற அந்தப் பெரிய மீனுக்கு உங்கள் மூத்த பேரனைவிட வயது கூட இருக்கலாம்.

தங்கச்சி: அண்ணா, எனக்கு ஒரு கேள்வி. கர்ப்பமாக இருக்கிற இந்த நிலையில் நான் அந்த மீன் சாப்பிடலாமா? டாக்டர் பாதரசம் பற்றி ஏதோ சொன்னார்.

நான்: நல்ல வேளை கேட்டாய். பெரிய வாலாயும் பெரிய பைக்கும் உனக்கு வேண்டாம். மற்ற மீனைத் தின்று வருடக்கணக்காக வாழும் மீனின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுத்தம் செய்தாலும் சமைத்தாலும் போகாது. மாகாண அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, அளவுவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வழிகாட்டி போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அதில் தனி வரிசை. அந்த ஏரியின் பக்கத்தை இரவு அனுப்புகிறேன். பொதுவாகச் சின்னப் பேர்ச் பெரிய வாலாயைவிட நல்லது, ஆனாலும் பட்டியலைப் பார்த்துவிட்டே சாப்பிடு.

மாமி: கேட்டீர்களா? பெரியது எங்களுக்கு வேண்டாம். பொரிக்கிறதற்குச் சின்னதுதான் ருசி.

பெரியப்பா (லண்டன்): எனக்கு 68 வயது. அங்கே 65 தாண்டினால் மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே?

நான்: அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் பெரியப்பா. 18 வயதுக்குக் கீழுள்ள எங்கள் பிள்ளைகளுக்கும், 65 ஆன சின்ன மாமாவுக்கும் வேண்டாம், அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். நீங்கள் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் குடும்ப மீன்பிடி வாரம் என்று லைசென்ஸ் இல்லாமல் பிடிக்க விடுவார்கள், அதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான்.

லைசென்ஸ் தேவைப்படுகிற எல்லோரும் கன்சர்வேஷன் லைசென்ஸ் எடுப்போம். விலையும் குறைவு, வாலாய் வரம்பும் பெரும்பாலான மண்டலங்களில் 4க்குப் பதிலாக 2.

சின்ன மாமா: சரி, பெரிய மீனும் வேண்டாம், நாலும் வேண்டாம். அப்போ அங்கே போய் என்ன செய்வது? தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

நான்: இல்லை மாமா, பிடிக்க நிறைய இருக்கிறது. இரவு நேரம் எடுத்து எழுதுகிறேன்.

நான்: மாமா, இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன்.

வாலாயின் கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு, மங்கலில்தான் அதற்குப் பார்வை அதிகம். பகல் பதினொரு மணிக்குப் படகை எடுத்தால் தெளிந்த ஏரியில் பெரும்பாலும் வெறுங்கைதான். சூரியன் சாயத் தொடங்கியதில் இருந்து இருட்டும் வரை, பாசித் திட்டு முடிந்து ஆழம் இறங்கும் விளிம்பில் நில்லுங்கள். ஜிக்கில் (தலையில் ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள்) அட்டையோ புழுவோ குத்தி, அடியைத் தொட்டுத் தொட்டு மெதுவாக இழுங்கள். காற்று அடிக்கும் நாளில் அலை போய் மோதுகிற கரையைப் பாருங்கள், அங்கே பகலிலும் கடிக்கும். உண்மையாகச் சொன்னால் ஒரு மாலைக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் இந்த ஏரியில் அது நல்ல மாலை.

பைக் பாசிக்குள்ளேயே பதுங்கியிருக்கும். ஜூலையில் ஓரத்தில் கிடைப்பது சின்னதும் நடுத்தரமும்தான், பெரியது குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். பல் நூலை அறுக்கும், முள்ளுக்கு முன்னால் கட்டும் கம்பித் துண்டு (லீடர்) கட்டாயம். நடுத்தர பைக்கைச் சமையலுக்கு வைக்கலாம், ஒய் வடிவ முள்ளை எடுக்கும் விதத்தை நான் மாமிக்குக் காட்டித் தருகிறேன்.

பிள்ளைகளுக்குப் பேர்ச். இந்த ஏரியில் பேர்ச் எடுப்பதற்கு நான் தடை சொல்லவே மாட்டேன், விதியில் உள்ள எண்ணிக்கை வரை எடுக்கட்டும். உள்ளங்கை அகலத்தில் கொஞ்சம் கிடைத்தாலே எல்லோருக்கும் ஒரு நேரப் பொரியல்.

ஸ்மால்மவுத் பாஸ் மீன் பாறை ஓரத்தில் இருக்கும். வடக்கில் குளிர் நீடித்த வருடத்தில் ஜூலைத் தொடக்கத்திலும் ஆண் மீன் கூட்டுக்குக் காவல் நிற்கலாம். அதைத் தூக்கினால் சில நிமிடத்துக்குள் பேர்ச் வந்து முட்டையையும் குஞ்சையும் முடித்துவிடும். தெளிந்த தண்ணீரில் வட்டமாகத் துப்புரவான கூழாங்கல் தெரிந்தால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள்.

அண்ணா: மாமாவின் கூலருக்கு என்ன வழி?

நான்: அதற்கும் பார்த்து வைத்தேன். அரசின் ஃபிஷ் ஆன்லைன் வரைபடத்தில் எந்த ஏரியில் எந்த வருடம் என்ன மீன் விட்டார்கள் என்று இருக்கும். ப்ரூக் ட்ரவுட், ஸ்பிளேக் என்ற கலப்பின ட்ரவுட் விடும் ஏரிகள் பல, பிடித்துச் சாப்பிடுவதற்கென்றே விடப்பட்டவை. ஒரு நாள் விடியவே அப்படி ஒன்றுக்குப் போவோம். கோடையில் ட்ரவுட் குளிர்ந்த ஆழத்தில் நிற்கும், அதனால் ஐந்து மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். அங்கே விதி விட்ட எண்ணிக்கையை மனநிறைவோடு எடுங்கள்.

சின்ன மாமா: ஐந்து மணி எனக்குப் பிரச்சினை இல்லை. நித்திரை வராதவன் நான். சரி, இரண்டு கூலர். ஆனால் என் பெரியப்பா மகன் கேட்டிருக்கிறார், ஒரு பெரிய வாலாயுடன் படம் வேண்டுமென்று.

நான்: படம் எடுப்போம் மாமா. கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாமல் வயிற்றுக்குக் கீழே தாங்குங்கள். தண்ணீர் சூடான மாதம், படம் எடுப்பவர் ஆயத்தமான பிறகே மீனைத் தூக்குங்கள். தூண்டில் முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்க வேண்டாம், நூலை வெட்டிவிடுங்கள். குறட்டால் முட்களின் எதிர்க்கூரை முன்கூட்டியே நசுக்கிக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சி: இரை இங்கேயே வாங்கிவிடலாமா?

நான்: வேண்டாம், ஏரிக்குக் கிட்ட வாங்குவோம். ஓர் இடத்து உயிர் இரையை வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. மிஞ்சியதை ஏரியில் விடவும் கூடாது, வாளித் தண்ணீரைக் கரையில் இருந்து 30 மீட்டருக்குள் ஊற்றவும் கூடாது. வேற்று மீனும் நோயும் ஏரிக்கு ஏரி போவது இப்படி வாளி வழியாகவும்தான்.

பெரியப்பா (லண்டன்): லைசென்ஸுக்கு என்ன விபரம் வேண்டும், தம்பி?

நான்: உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி. எனக்குத் தனியாக அனுப்புங்கள் பெரியப்பா, குழுவில் போடவேண்டாம். முதலில் அவுட்டோர்ஸ் கார்ட் (மீன்பிடிப்பவர்களுக்கு மாகாணம் கொடுக்கும் அட்டை), பிறகு லைசென்ஸ். இரண்டையும் ஞாயிறு எடுத்துவிடுகிறேன்.