காலை வைத்தாலே பாய்கிறது

கேள்வி (போர்ட் லூயி, மொரீஷியஸ்): இங்குள்ள ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை. ஏறி உட்கார்ந்து விலாவில் என் காலை வைத்தாலே பாய்கிறது; பக்கவாட்டில் ஒதுங்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அதன் மேல் குற்றமில்லை, தம்பி. பந்தயத்தில் ஜாக்கி, பாதம் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக்கிச் சேணத்துக்கு மேலே குந்தியிருப்பார். விலாவில் கால் படுவதே குறைவு. முதலில் தரையில் நின்று, வயிற்றுவாருக்குச் சற்றுப் பின்னால் விரல் நுனியால் அழுத்துங்கள். ஒரு பின்கால் மற்றதைக் குறுக்கே கடந்த கணமே கையை எடுத்துவிடுங்கள். அழுத்தம் போவதுதான் அதற்குப் பரிசு. விடாமல் அழுத்தினால் விலா மரத்துப்போகும்.

கேட்டவர்: சரி அண்ணே. குதிகாலில் மாட்டிக் குதிரையைத் தூண்டும் குதிமுள் போடலாமா?

பதில்: இப்போது வேண்டவே வேண்டாம்.

இன்னொருவர்: ஏறிய பிறகும் நடையிலேயே பழக்குங்கள். அப்புறம், சேணம் உறுத்துகிறதா என்று முதுகைத் தடவிப் பாருங்கள், வலியிலும் பாயும்.